தையில் விதைத்த சம்பா ஏன் கதிர் விடவில்லை?

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஆனி மாதத் தொடக்கத்தில், விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "சார், நெல்லு நெஞ்சு மட்டத்துக்கு நிக்குது. நாலு மாசம் முடிஞ்சுபோச்சு. ஒரு கதிர்கூட வரல. ஒரு தடவ வந்து பாருங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். ஒரு ஏக்கர், கிணற்றுப் பாசனம். பயிர் கரும்பச்சையாகத் தழைத்து நின்றது. நோய் இல்லை, பூச்சி இல்லை, சத்துக் குறைபாட்டின் அறிகுறியும் இல்லை. பாரம்பரிய சம்பா விதை. '135 நாளில் அறுத்துவிடலாம்' என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இவர் தை மாதக் கடைசியில் விதைத்திருக்கிறார். நாலைந்து தூர்களைப் பிடுங்கி, தண்டை நெடுக்காகப் பிளந்து பார்த்தேன். எதிலும் கதிர்க்கரு உருவாகியிருக்கவில்லை.

அதற்குள் அவர் இரண்டு தடவை யூரியா, ஒரு தடவை பொட்டாஷ், கடையில் கொடுத்த 'பூ டானிக்' இரண்டு பாட்டில் என்று செலவழித்திருந்தார். "ஐப்பசிக்கு முன்னால இது கதிர் கட்டாது ஐயா" என்றேன். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "அப்ப பத்து மாசம் இதுக்குத் தண்ணி கட்டணுமா சார்?" என்று கேட்டார். ஒரு மூலையில் ஐந்து சென்ட் மட்டும் விட்டுவைக்கும்படி கேட்டுக்கொண்டேன். மற்றதை அந்த வாரமே அறுத்து மாட்டுக்குப் போட்டார்.

இதில் என் தவறும் உண்டு. முந்தைய ஆண்டு அவர் ஊருக்கு அருகில் நடந்த கூட்டத்தில் பாரம்பரிய நெல்லைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியிருந்தேன். ரகங்களின் பெயரைச் சொன்னேன், சத்தைச் சொன்னேன், வயதைச் சொன்னேன். எந்தப் பட்டத்தில் விதைக்க வேண்டும், பட்டம் மாறினால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் அவரும் இருந்திருக்கிறார்.

ஆடிப்பட்டத்துக்கு விதை தேடும் நேரம் இது. அன்று நான் சொல்லத் தவறியதை இந்த வாரம் எழுதுகிறேன். நெல்லுக்குள் ஒரு நாட்காட்டி இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், விதை வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வியும், வாங்கக் கூடாத பாட்டிலும் உங்களுக்கே விளங்கும்.

பயிர் எண்ணுவது இரவின் நீளத்தை

நெல்லின் வயதை மூன்று பகுதியாகப் பிரிக்கலாம். முளைத்துத் தூர் கட்டி வளரும் காலம் முதலாவது. தண்டுக்குள் கதிர்க்கரு உருவாகி, கண்ணாடி இலை வந்து, தொண்டைக்கதிராகிப் பூக்கும் வரை இரண்டாவது; இதற்கு ஏறக்குறைய 35 நாள். பூத்ததிலிருந்து அறுவடை வரை மூன்றாவது. இதற்கு ஏறக்குறைய 30 நாள். பின்னால் வரும் இரண்டு காலங்களும் ரகத்துக்கு ரகம் பெரிதாக மாறுவதில்லை. 105 நாள் ரகத்துக்கும் 160 நாள் ரகத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் முதல் காலத்தில்தான் இருக்கிறது.

இன்று நாம் குறுவையிலும் நவரையிலும் போடும் குறுகிய கால ரகங்களில் இந்த முதல் காலம் ஏறக்குறைய நிலையானது. எந்த மாதம் விதைத்தாலும் சில நாட்கள் முன்பின்னாகக் கதிர் வந்துவிடும். பழைய சம்பா ரகங்கள் பலவற்றில் அப்படியில்லை. இரவு ஓர் அளவுக்கு நீளும் வரை அவை கதிர்க்கரு கட்டாமல் காத்திருக்கும். இவற்றை ஒளிக்கால உணர்வுள்ள ரகங்கள் என்கிறோம்.

இந்த உணர்வைத் தெளிவாக எடுத்துக்காட்டியவர்கள் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்ற இருவர். 1920-ல் வெளியான அவர்கள் ஆய்வில் 'பிலாக்ஸி' என்ற சோயா மொச்சை ரகம் வருகிறது. அதை இடைவெளி விட்டு இடைவெளி விட்டு விதைத்தார்கள். முன்னால் விதைத்ததும் பின்னால் விதைத்ததும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் பூத்தன. செடி தன் வயதை எண்ணவில்லை, நாளின் நீளத்தைப் பார்த்துப் பூக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

நம் வீட்டு வேலியில் படரும் பழைய அவரைக் கொடியும் இதைத்தான் செய்கிறது. ஆடியில் விதை ஊன்றினாலும், அதற்கு முன்பே ஊன்றினாலும், பனிக்காலம் வந்தால்தான் பூவும் காயும். நீண்ட காலத் துவரையும் இதே ரகம்தான்.

'நம் ஊரில் பகலும் இரவும் பெரிதாக மாறுவதில்லையே' என்று கேட்கலாம். தஞ்சாவூரில் ஆனி மாதத்தில் மிக நீண்ட பகல் சுமார் 12¾ மணி நேரம். மார்கழியில் மிகக் குறுகிய பகல் சுமார் 11½ மணி நேரம். விழுப்புரத்தில் இந்த வித்தியாசம் இன்னும் சில நிமிடங்கள் கூடும். ஆண்டு முழுவதற்கும் வித்தியாசம் இந்த ஒன்றேகால் மணி நேரம்தான். அதற்குள் சில நிமிட மாற்றத்தை நம் சம்பா ரகங்கள் கண்டுகொள்கின்றன. ஜப்பானில் 2010-ல் வெளியான ஆய்வு ஒன்றில், பகல் நீளத்தில் அரை மணி நேரம் மாறினாலே நெல்லில் பூக்கும் சமிக்ஞை பெருமளவு மாறுவது தெரியவந்தது.

உண்மையில் பயிர் அளப்பது பகலைவிட இரவைத்தான். நீண்ட இரவின் நடுவே சில நிமிடம் வெளிச்சம் பட்டால்கூட, இரவு இரண்டாக உடைந்ததுபோல் பயிர் எடுத்துக்கொள்ளும். ஓசூர்ப் பக்கம் செவ்வந்தி வயல்களில் இரவில் பல்புகள் எரிவதைப் பார்த்திருப்பீர்கள். செடி நன்றாக வளரும் வரை பூக்காமல் நிறுத்திவைத்து, சந்தைக்குத் தகுந்தபடி பூக்கவைக்கும் உத்தி அது. தெருவிளக்கின் கீழே உள்ள நெல் மட்டும் பச்சையாக நிற்க, தள்ளியிருக்கும் நெல் கதிர் வாங்கிவிடுவதற்கும் இதுவே காரணம்.

இப்போது விழுப்புரம் வயலுக்கு வருவோம். தைக் கடைசியில் இரவு நீளமாகத்தான் இருந்தது. ஆனால் அப்போது பயிர் நாற்றுப் பருவத்தில் இருந்தது. நாற்று இரவின் நீளத்தைக் கண்டுகொள்ளாது. அது கேட்கும் வயதுக்கு வந்தபோது பங்குனி பிறந்துவிட்டது, இரவு சுருங்கிவிட்டது. அடுத்து இரவு நீளும் வரை காத்திருப்பதைத் தவிர அந்தப் பயிருக்கு வழியில்லை.

இலையில் புறப்படும் தூது

இரவின் நீளத்தை உணர்வது இலை. கதிர் உருவாவதோ தண்டின் உச்சியில் உள்ள குருத்து நுனியில். இலையிலிருந்து நுனிக்குச் செய்தி எப்படிப் போகிறது? 1930-களில் ரஷ்யாவில் சைலாக்கியான் என்ற அறிவியலாளர் செவ்வந்தியை வைத்து இதை ஆராய்ந்தார். இலைகளுக்கு மட்டும் நீண்ட இரவைக் கொடுத்தாலே நுனியில் மொட்டு வந்தது. இலையில் உருவாகும் ஏதோ ஒரு பொருள் நுனிக்குப் போகிறது என்று சொல்லி, அதற்கு 'புளோரிஜென்' என்று பெயரிட்டார்.

அந்தப் பொருளைக் கையில் பிடிக்க எழுபது ஆண்டுகள் ஆயின. அது ஒரு சிறிய புரதம் என்று 2007-ல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் நடந்த ஆய்வுகள் காட்டின. நெல்லில் அதன் பெயர் எச்டி3ஏ. இலையில் உருவாகி, சாறு ஓடும் குழாய் வழியே குருத்து நுனிக்குப் போய்ச் சேர்கிறது. இந்தக் கட்டுரையில் அதைத் தூதுப் புரதம் என்று அழைப்போம்.

தூது போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது. அங்கே அதை ஏற்றுக்கொள்ளத் தயாராக ஆள் இருக்க வேண்டும். இங்கேதான் இந்த வாரத்தின் முக்கியமான விஷயம் வருகிறது.

புரதத்தின் மேல் விழும் முத்திரை

அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். எடை போட்டு, வாய் தைத்து, குறியிட்ட மூட்டைதான் லாரியில் ஏறும். குறி இல்லாத மூட்டை அதே இடத்தில் கிடக்கும். கழித்துவிட்ட மூட்டை ஓரமாகப் போகும். மூன்றிலும் இருப்பது நெல்தான்; எது எங்கே போகும் என்பதை மேலே உள்ள குறி முடிவு செய்கிறது.

செல்லுக்குள் புரதங்களுக்கும் இப்படி முத்திரைகள் உண்டு. புரதம் உருவான பிறகு அதன்மேல் ஒரு சிறு துணுக்கு ஒட்டப்படும். அதனால் புரதத்தின் வடிவமும் நடத்தையும் மாறும். சும்மா இருந்தது வேலை செய்யத் தொடங்கும். வேலை செய்தது நின்றுவிடும். சில சமயம் புரதமே உடைத்து அழிக்கப்படும். அறிவியலில் இதைப் புரத மாற்றியமைப்பு என்கிறோம்.

பூப்பதில் இரண்டு முத்திரைகளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

முதலாவது பாஸ்பேட். நீங்கள் டிஏபி மூட்டையிலும் சூப்பர் பாஸ்பேட்டிலும் போடும் அதே மணிச்சத்துதான், மிக மிகச் சிறிய அளவில். இதை ஒட்டும் வேலையைச் செய்யும் நொதிகளுக்குக் கைனேஸ் என்று பெயர். பாஸ்பேட்டை ஒட்டலாம், எடுக்கலாம், மறுபடி ஒட்டலாம். இந்த வேலை உயிர்களுக்குள் எப்படி நடக்கிறது என்று காட்டிய பிஷர், கிரெப்ஸ் இருவருக்கும் 1992-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டாவது உபிக்விட்டின். இதுவே ஒரு சிறு புரதம். பெரும்பாலும் கழிவு முத்திரையாக வேலை செய்கிறது. இது சங்கிலிபோல ஒட்டப்பட்ட புரதத்தைச் செல் உடைத்துப்போடும். இதைக் கண்டறிந்த மூவருக்கு 2004-ல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பயிர் ஏன் முத்திரையை நம்பியிருக்கிறது? புதிதாக ஒரு புரதத்தைச் செய்து முடிக்க நேரமாகும். இருக்கிற புரதத்தில் முத்திரை ஒட்டுவதும் எடுப்பதும் அதைவிட விரைவில் முடிந்துவிடும். இருட்டும் நேரத்தை நிமிடக் கணக்கில் அளக்க வேண்டிய பயிருக்கு இந்த வேகம் தேவை.

நெல்லின் குருத்து நுனியில் நடப்பதைப் பாருங்கள். தூதுப் புரதம் அங்கே வந்ததும் 14-3-3 என்ற துணைப் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. இருவரும் சேர்ந்து செல்லின் கருவுக்குள் போகிறார்கள். அங்கே எஃப்டி1 என்ற மூன்றாவது புரதம் இருக்கிறது. கதிர்க்கருவை உருவாக்கும் மரபணுக்களை முடுக்கிவிடும் இடத்தில் உட்கார்ந்திருப்பது அதுதான். ஆனால் அதன் ஒரு குறிப்பிட்ட இடத்தில் பாஸ்பேட் முத்திரை இருந்தால்தான் வந்தவர்களால் அதைப் பற்றிக்கொள்ள முடியும். முத்திரை இல்லையென்றால் தூது வந்தும் பயனில்லை. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011-ல் இந்த மூன்று புரதங்களும் கைகோத்திருக்கும் அமைப்பையே படமெடுத்துக் காட்டினார்கள்.

தடைக்கும் ஒரு முத்திரை

பூக்கச் சொல்லும் புரதம் இருப்பதுபோல், 'இப்போது வேண்டாம்' என்று தடுக்கும் புரதமும் நெல்லில் இருக்கிறது. அதில் முக்கியமானது ஜிஎச்டி7. 2008-ல் சீனாவின் ஊகான் நகரில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தினர் இதை அடையாளம் கண்டார்கள். பகல் நீளமாக இருக்கும் காலத்தில் இந்தத் தடைப் புரதம் பெருகி, தூதுப் புரதம் உருவாகாமல் அமுக்கி வைக்கிறது. விழுப்புரம் வயலில் பங்குனி முதல் ஆனி வரை பயிர் பட்ட பாடு இப்படிப்பட்ட தடையால்தான்.

இந்தத் தடை வேலை செய்யவும் முத்திரை உதவுகிறது. எச்டி16 என்ற கைனேஸ் நொதி, ஜிஎச்டி7-ன்மேல் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. ஒட்டினால் தடை வலுக்கிறது, கதிர் தள்ளிப்போகிறது. ஒட்டும் திறன் குறைந்தால் தடை தளர்கிறது, கதிர் முந்துகிறது. ஜப்பானில் பெயர் பெற்ற கோஷிஹிகாரி நெல்லில் எச்டி16 நொதியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தால் நொதியின் திறன் குறைந்து, நீண்ட பகலிலும் பயிர் முன்னதாகக் கதிர் விடுகிறது என்று 2013-ல் கண்டறிந்தார்கள்.

நம் நாட்டு நெல்லுக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. ஜப்பானின் நிப்பான்பாரே ரகத்தையும், காசலாத் என்ற இந்தியப் பாரம்பரிய நெல்லையும் ஒட்டுச் சேர்த்துத்தான் கதிர் வரும் நாளைத் தீர்மானிக்கும் பல மரபணுக்களை அடையாளம் கண்டார்கள். அப்படிக் கிடைத்ததில் எச்டி6 என்பதும் ஒரு கைனேஸ். காசலாத்தில் அது நன்றாக வேலை செய்து கதிரைத் தாமதப்படுத்துகிறது. நிப்பான்பாரேயில் அது பழுதாகிக் கிடக்கிறது.

கழிவு முத்திரைக்கும் நெல்லில் வேலை இருக்கிறது. குறுகிய பகலில் பூக்கத் தூண்டுவதும் நீண்ட பகலில் தடுப்பதுமாக இரண்டு வேலை செய்யும் எச்டி1 என்ற புரதம், உபிக்விட்டின் ஒட்டப்பட்டு உடைக்கப்படுகிறது. எந்த நேரத்தில் எவ்வளவு உடைகிறது என்பதைப் பொறுத்தே அதன் அளவு நிற்கிறது. அந்த முத்திரையைக் குத்தும் புரதம் பழுதானால் கதிர் வரும் நாளும் மாறிவிடுகிறது.

தடைப் புரதத்தை வில்லனாகப் பார்க்க வேண்டாம். கதிர் தள்ளிப்போகும் நாட்களில்தான் பயிர் தூர் கட்டுகிறது, தண்டு தடிக்கிறது, கதிரில் மணிகள் கூடுகின்றன. ஜிஎச்டி7 நன்றாக வேலை செய்யும் ரகங்களில் பயிர் உயரமும் கதிருக்கு மணிகளின் எண்ணிக்கையும் கூடுவதை அந்தச் சீன ஆய்வே காட்டியது. சம்பா நின்று விளைவதற்கும் குறுவை ஓடி விளைவதற்கும் உள்ள வேறுபாட்டின் ஒரு பகுதி இதற்குள் அடங்கியிருக்கிறது.

நாம் பெற்றதும் இழந்ததும்

1960-களில் ஆடுதுறை 27, ஐஆர் 8 போன்ற ரகங்கள் வந்தன. ஐஆர் 8 போன்றவை இரவின் நீளத்தைப் பார்ப்பதில்லை. அதனால்தான் ஒரே நிலத்தில் இரண்டு போகம், மூன்று போகம் என்று எடுக்க முடிந்தது. இதைக் குறைத்துப் பேச முடியாது. பருவ உணர்வு இல்லாத ரகம் இல்லையென்றால் நவரையில் நெல் நினைத்துப் பார்க்க முடியாத ஒன்று.

ஆனால் பருவ உணர்வில் ஒரு பாதுகாப்பும் இருந்தது. பழைய சம்பா ரகம் ஆடியில் விதைத்தாலும் ஆவணியில் விதைத்தாலும், வடகிழக்குப் பருவமழை ஓயும் சமயம் பார்த்துப் பூத்து, தையில் அறுவடைக்கு வந்தது. விதைப்பு முன்பின் ஆனாலும் பூக்கும் நாளைப் பயிரே சரிசெய்துகொண்டது. உணர்வில்லாத ரகத்தில் அந்தப் பொறுப்பு முழுக்க நம் தலையில் விழுகிறது. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்காமல் தள்ளிப்போகிற ஆண்டுகளில் குறுவை தாமதமாகி, ஐப்பசி மழையில் கதிர் நனைந்து, ஈரப்பதம் கூடிப்போய்க் கொள்முதல் நிலைய வாசலில் காத்துக் கிடக்கும் கஷ்டம் டெல்டா விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆக, இரண்டு வகையில் எது உயர்ந்தது என்று வாதிட இடமில்லை. எது எந்தப் பட்டத்துக்கு என்பதே கேள்வி.

பாட்டிலில் அடைக்க முடியுமா?

'பூக்க வைக்கும் டானிக்' என்று விற்பவர்களிடம் இப்போது நீங்களே கேள்வி கேட்கலாம். பருவத்துக்காகக் காத்திருக்கும் நெல்லில் இலைக்குள் தூதுப் புரதமே உருவாகவில்லை. தெளிக்கும் மருந்து இரவை நீட்டாது. தடைப் புரதத்தின் மேலுள்ள முத்திரையையும் எடுத்துவிடாது.

"பாஸ்பேட் முத்திரை என்றீர்களே, டிஏபி தெளித்தால் ஆகாதா?" என்று கேட்கலாம். முத்திரைக்குத் தேவையான மணிச்சத்து எந்தப் பயிரிலும் இருக்கவே இருக்கிறது. மண்ணில் மணிச்சத்துக் குறைந்தால் நெல் முதிர்வது தாமதமாகும், அதைச் சரிசெய்யத்தான் வேண்டும். ஆனால் போதுமான சத்துள்ள வயலில் கூடுதலாகப் போடும் டிஏபி கதிரை இழுத்து வராது. பயறு வகைகளுக்குப் பூக்கும் தருணத்தில் 2 சதவீத டிஏபி கரைசல் தெளிக்கச் சொல்வது, வந்த பூவைத் தக்கவைத்துக் காய் நிரம்பச் செய்யத்தான்.

ஜிப்ரலிக் அமிலமும் இப்படித்தான். வீரிய ஒட்டு நெல் விதை உற்பத்தியில் அதைத் தெளிக்கிறார்கள். அது ஏற்கனவே உருவாகிவிட்ட கதிரை உறையிலிருந்து வெளியே நீட்டிவிடும். உருவாகாத கதிரை உருவாக்காது. மாமரத்தில் பேக்லோபுட்ரசால் பூவைத் தூண்டுகிறது என்பதை வைத்து நெல்லுக்கும் ஏதோ ஒன்று இருக்கும் என்று நம்ப வேண்டாம். மா காத்திருக்கும் விஷயம் வேறு, சம்பா காத்திருக்கும் விஷயம் வேறு.

யூரியா மட்டும் ஒரு வகையில் வேலை செய்யும், எதிர்த்திசையில். அளவுக்கு மீறிய தழைச்சத்து கதிரைத் தள்ளிப்போடும், பயிரைச் சாய்க்கும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

விதை வாங்கும்போது 'எத்தனை நாள்?' என்ற கேள்வியோடு 'எந்த மாதம் விதைத்து எந்த மாதம் அறுத்தீர்கள்?' என்றும் கேளுங்கள். கொடுப்பவர் எல்லா ஆண்டும் ஆடி, ஆவணியில் விதைத்துத் தையில் அறுத்தவர் என்றால், வேறு பட்டத்துக்கு அந்த விதை ஒத்துவரும் என்பதற்கு அவரிடம் ஆதாரம் இல்லை. ஒரே பெயரில் பல ஊர்களில் பல விதைகள் புழங்குகின்றன. பெயரை மட்டும் நம்ப வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே விதையில் ஒரு பிடியை ஆடி முதல் வாரத்திலும், இன்னொரு பிடியை ஆவணி முதல் வாரத்திலும் சிறு பாத்திகளில் விதையுங்கள். இரண்டிலும் பாதிக் கதிர் வெளிவந்த தேதியைக் குறித்து வையுங்கள். இடைவெளி ஒரு மாதமாகவே நின்றால் அது பருவ உணர்வில்லாத ரகம். ஒரு மாத இடைவெளி சில நாட்களாகச் சுருங்கிவிட்டால் அது பருவத்துக்குக் கட்டுப்பட்ட ரகம். செலவில்லாத சோதனை, முடிவு உங்கள் நோட்டில் எப்போதும் இருக்கும்.

உணர்வுள்ள ரகத்தை ஆடி, ஆவணிக்குள் விதையுங்கள். ஐப்பசியில் விதைத்தாலும் கதிர் வரும். ஆனால் தூர் கட்ட அவகாசம் இல்லாமல் குட்டையாக நின்று, சின்னக் கதிரோடு முடிந்துவிடும். சித்திரை, வைகாசியிலேயே விதைத்தால் வீணாக உயர்ந்து மழையில் சாயும். நவரைக்கும் சொர்ணவாரிக்கும் இந்த விதையைத் தொடவே வேண்டாம். அதற்கு ஏடிடி 43, கோ 51 போன்ற குறுகிய கால ரகங்கள் இருக்கின்றன.

தண்ணீர் தாமதமாக வரும் ஆண்டில் ரகத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள். மழை ஓயும் நாளுக்குப் பிறகு பூக்க வேண்டும், தண்ணீர் நிற்பதற்கு முன்பு பால் பிடித்து முடிய வேண்டும். பூத்ததிலிருந்து 30 நாள், கதிர்க்கரு கட்டியதிலிருந்து 65 நாள் என்ற கணக்கு கையில் இருந்தால், நீண்ட காலமா, மத்திய காலமா, குறுகிய காலமா என்று முடிவெடுப்பது எளிது.

வயலோரம் தெருவிளக்கோ உயர்கோபுர விளக்கோ வந்தால், வெளிச்சம் வயல் பக்கம் விழாமல் மறைப்பு வைக்கச் சொல்லி ஊராட்சியில் மனு கொடுங்கள். அது முடியாவிட்டால் அந்தப் பாத்தியில் பருவ உணர்வில்லாத ரகத்தை நடுங்கள்.

விதையோடு மாதமும் வரட்டும்

களப்பணியில் இருக்கும் வேளாண் அலுவலர்களுக்கும், விதைத் திருவிழா நடத்தும் நண்பர்களுக்கும், விதை விற்போருக்கும் ஒரு வேண்டுகோள். விதைப் பையிலோ பொட்டலத்திலோ வயது நாட்களுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு வரி எழுதுங்கள்: பருவ உணர்வு உண்டா, இல்லையா, விதைக்க வேண்டிய மாதம் எது. தெரியவில்லை என்றால் 'சம்பா பட்டத்தில் மட்டும் பார்த்தது' என்று எழுதினாலும் போதும். அந்த இரண்டு வரி இல்லாமல் ஒரு விதை கைமாறுவது, மாட்டை விற்றுவிட்டு அதன் குணத்தைச் சொல்லாமல் விடுவதற்குச் சமம்.

ரகம் உருவாக்கும் எங்களைப் போன்றவர்களுக்கும் கடமை இருக்கிறது. எந்த முத்திரை எந்தப் புரதத்தில் விழுகிறது, எந்தப் பாரம்பரிய ரகத்தில் எந்தக் கைனேஸ் வலுவாக இருக்கிறது என்று பார்த்துத் தேர்வு செய்யும் வசதி இன்று வந்துவிட்டது. மழை முன்பின்னாகும் இந்தக் காலத்தில், தாமதமாக விதைத்தாலும் தன் பூக்கும் நாளைத் தானே சரிசெய்துகொள்ளும் அந்தப் பழைய குணத்தை, சாயாத தண்டோடும் நல்ல விளைச்சலோடும் சேர்த்துத் தர முயல வேண்டும். காசலாத்தை வைத்து வெளிநாட்டில் கண்டுபிடித்ததை, நம் சம்பா ரகங்களை வைத்து நாமும் தேடலாம்.

அந்த ஐந்து சென்ட் மூலை என்ன ஆனது என்று நீங்கள் கேட்பீர்கள். சாய்ந்தும் நிமிர்ந்தும் அந்தப் பயிர் புரட்டாசி வரை பச்சையாகவே நின்றது. அதே விதையை அடுத்த வயல்காரர் ஆவணியில் விதைத்திருந்தார். கார்த்திகைக் கடைசியில் அவர் மறுபடி அழைத்தார். "சார், என்னுதும் அவருதும் ஒரே வாரத்துல பூத்திருச்சு" என்றார். பிறகு, "இத அன்னிக்கே கூட்டத்துல சொல்லியிருக்கலாமே சார்" என்றார்.

சொல்லியிருக்க வேண்டும். இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன். ஆடிக்கு விதை வாங்கப் போகும் பக்கத்து வயல்காரரிடம் நீங்களும் சொல்லுங்கள்.